எலி வளையானாலும் தனி வளை

செல்லப்பிராணிக் கடையில் கம்பிக்கூண்டுக்குள் சுருண்டு தூங்கும் தங்க நிற ஹாம்ஸ்டரை நீங்கள் எந்த ஊரில் பார்த்திருந்தாலும் சரி, டோக்கியோவோ டொராண்டோவோ, அதோட பூர்வீகம் அநேகமாக ஒரே ஒரு குழி. ஊர் இல்லை, மாவட்டம் இல்லை, குழி. சிரியாவில் அலெப்போ நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கோதுமை வயலில் 1930 ஏப்ரல் 12-ஆம் தேதி வெட்டின குழி. அதற்குள் இருந்த ஒரு தாயும் பதினோரு குட்டிகளும்தான் கதையின் முதல் பாத்திரங்கள். தாய் அன்றைக்கே செத்துப் போச்சு. அது எப்படி என்று பிறகு சொல்கிறேன், கொஞ்சம் மனசைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள்.

பொட்டி தட்டுகிறவனுக்கு எலி வரலாறு எதுக்கு என்று கேட்பீர்கள். ஸ்டுட்கார்ட்டில் என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருத்தர் ஊருக்கே திரும்பிப் போகும்போது ஒரு குக்கரையும் ஒரு ஹாம்ஸ்டரையும் என் தலையில் கட்டிவிட்டுப் போனார். குக்கர் சமர்த்து. ஹாம்ஸ்டர் பகல் பூரா தூங்கும், அதனால் அதற்குக் கைப்புள்ள என்று பெயர் வைத்தேன். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் எழுந்து கூண்டுக் கம்பியைக் கடிக்க ஆரம்பிக்கும். கடகடகடவென்று நிறுத்தாமல் ஒரு மணி நேரம். பல்லு வளர்ந்துகொண்டே இருக்கும், அதான் கடிக்குது என்று நண்பர் சொல்லியிருந்தார். எனக்கு அது பல் துலக்குகிற மாதிரி தெரியவில்லை. வெளியே வர வழி தேடுகிற மாதிரிதான் தெரிந்தது. இதுக்கு எந்த மாதிரி வீடுதான் வேணும் என்று தேடப் போனவன் நேராக அலெப்போவில் போய் விழுந்தேன்.

மன்னார்குடிப் பக்கம் வளர்ந்தவன் நான். எங்க ஊரில் எலி என்றால் வயலுக்கு எதிரி. அறுவடை நேரத்தில் மூங்கிலில் செய்த கிட்டி வைத்துப் பிடிப்பார்கள். அறுவடை முடிந்ததும் வரப்பில் எலிவளையை வெட்டி, உள்ளே அது சேர்த்து வைத்திருக்கும் நெல்லைப் படிக்கணக்கில் அள்ளிக்கொண்டு போவார்கள். போனில் அம்மாவிடம் கைப்புள்ளையைப் பற்றிச் சொன்னபோது, "எலி பிடிச்சுக் குடுத்தா நாம காசு குடுப்போம், நீ காசு குடுத்து அதுக்குச் சோறு போடுறியாடா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அலெப்போ விவசாயியும் இதையேதான் கேட்டிருப்பார்.

சரி, கதைக்கு வருவோம்.

அலெப்போவில் வியாபாரம் செய்த ஆங்கிலேயர்களுக்கு வைத்தியராக இருந்தவர் அலெக்சாண்டர் ரஸ்ஸல். அந்த ஊரின் இயற்கை வரலாறு பற்றி 1756-ல் ஒரு புத்தகம் எழுதினார். அவருக்குப் பிறகு அதே வேலைக்கு வந்தவர் அவருடைய தம்பி (ஒரே அப்பா, வேற அம்மா) பேட்ரிக் ரஸ்ஸல். அவர் அந்தப் புத்தகத்தைப் பெரிசாக்கி 1794-ல் இரண்டாம் பதிப்பு கொண்டுவந்தார். ஒரு ஹாம்ஸ்டரை அறுத்துப் பார்த்த கதை அதில் வருகிறது. இரண்டு கன்னத்துப் பைகளிலும் பிஞ்சு பீன்ஸை நீளவாக்கில், இடைவெளியே இல்லாமல், தீப்பெட்டிக்குள் குச்சி அடுக்கின மாதிரி அடுக்கி வைத்திருந்ததாம். வெளியே எடுத்து மேசையில் கொட்டினால் அந்த எலியின் உடம்பைப் போல மூன்று மடங்குக் குவியல்!

இந்த பேட்ரிக் ரஸ்ஸல் நமக்குத் தெரிந்தவர்தான். பிறகு இந்தியாவுக்கு வந்து விசாகப்பட்டினத்தில் இருந்தார், கர்நாடகப் பகுதிக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கை ஆய்வாளர் ஆனார், சோழமண்டலக் கரையின் பாம்புகளைப் பற்றி 1796-ல் புத்தகம் போட்டார். நம்ம கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்திலும் விலங்கியலிலும் இருப்பது இவருடைய பெயர்தான். எலியிலிருந்து பாம்புக்குப் போனவர்!

1839-ல் லண்டன் விலங்கியல் சங்கத்தில் ஜார்ஜ் வாட்டர்ஹவுஸ் என்பவர் அலெப்போவிலிருந்து வந்த ஒரே ஒரு தோலை வைத்துக்கொண்டு இது தனி இனம் என்று முறைப்படி பெயர் வைத்தார். பெயரில் இருக்கும் 'ஆரேட்டஸ்' என்றால் பொன் நிறம். அலெப்போவில் பிரிட்டிஷ் தூதராக இருந்த ஸ்கீன் என்பவர் 1880-ல் சிலவற்றை உயிரோடு எடின்பரோவுக்குக் கொண்டுபோனார். அந்த வம்சம் 1910 வரைக்கும் ஓடி அப்படியே அற்றுப்போனது. அதற்குப் பிறகு இருபது வருஷம் யாருக்கும் இந்த எலி ஞாபகமே இல்லை.

ஞாபகப்படுத்தியது ஒரு வியாதி. காலா அசார். இங்கேயும் நம்ம ஊர் வருகிறது. அந்த வியாதிக்குக் காரணமான ஒட்டுண்ணியை 1903-ல் கண்டவர்கள் இரண்டு பேர். ஒருத்தர் இங்கிலாந்தில் லீஷ்மன். இன்னொருத்தர் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் வேலை பார்த்த டோனவன். ஜி.எச். நோயாளிகளின் மண்ணீரலில் பார்த்தார். யாருக்குப் பெருமை என்ற சண்டையே வரக்கூடாது என்று இரண்டு பேர் பெயரையும் சேர்த்து 'லீஷ்மேனியா டோனவானி' என்று வைத்தவர் மலேரியா புகழ் ரொனால்ட் ராஸ். அந்த ஒட்டுண்ணியைச் சோதனைச்சாலையில் ஆராய வேண்டுமென்றால் அது வளரக்கூடிய ஒரு சின்ன மிருகம் வேண்டும். சீன ஹாம்ஸ்டரில் நன்றாக வளர்ந்தது. ஆனால் ஜெருசலேமில் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் இருந்த சால் அட்லருக்கு அது ஒத்துவரவில்லை. கூண்டில் அது குட்டி போடாது. ஒவ்வொரு தடவையும் சீனாவிலிருந்து வரவழைக்க வேண்டும். பக்கத்திலேயே ஒரு ஹாம்ஸ்டர் கிடைத்தால் தேவலையே என்று அட்லர், விலங்கியலாளர் இஸ்ரேல் அஹரோனியிடம் சொல்லி வைத்தார்.

அஹரோனிக்கு அலெப்போவில் ஒரு வழிகாட்டி இருந்தார், ஜியார்ஜியஸ் கலீல் தஹான். அந்த எலி உள்ளூர்க்காரர்களுக்கு நல்லாத் தெரிந்த ஆள்தான். அரபியில் அதற்குச் சேணப்பைக்காரன் என்கிற மாதிரி ஒரு பட்டப்பெயர். குதிரை முதுகில் இரண்டு பக்கமும் பை தொங்குமே, அது போலக் கன்னம். தஹான் ஊர்ப் பெரியவரிடம் பேச, அவர் ஆள் பிடித்துக் கொடுக்க, வயலில் குழி குழியாக வெட்டிக்கொண்டே போனார்கள். பாவம், கோதுமைப் பயிர் நிறைய நாசம். கடைசியில் எட்டடி ஆழத்தில் கூடு கிடைத்தது என்று அஹரோனி எழுதுகிறார்.

அந்த எட்டடி மேல் எனக்கு ஒரு சின்ன சந்தேகம். ஏன் என்று பிறகு வரும்.

தாயையும் குட்டிகளையும் பெட்டியில் போட்டார்கள். போட்டவுடனே தாய் பக்கத்தில் வந்த குட்டியின் தலையைக் கடித்துவிட்டது. தஹான் பதறிப்போய், மற்ற குட்டிகளையாவது காப்பாற்ற வேண்டுமே என்று, தாயைத் தூக்கி சயனைடு போத்தலுக்குள் போட்டுவிட்டார். பூச்சி சேகரிக்கிறவர்கள் எப்போதும் கையில் வைத்திருக்கும் போத்தல் அது. வளை உடைந்து வெளிச்சத்துக்கு வந்துவிட்ட தாய் ஹாம்ஸ்டர் குட்டியைக் கொல்லும் என்பது இன்றைக்கு ஹாம்ஸ்டர் வளர்க்கிற பத்து வயசுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். கூட்டைத் தொடாதே, எட்டிப் பார்க்காதே என்பதுதான் முதல் பாடம். அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது. தஹானைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

கண்கூடத் திறக்காத பத்துக் குட்டிகள். அஹரோனியும் அவர் மனைவியும் கையிலேயே வைத்து வளர்த்தார்கள். ஒரு நாள் எல்லாம் தப்பித்து, திரும்பப் பிடித்தபோது ஒன்பது. அந்த ஒன்பதையும் பல்கலைக்கழகத்தின் விலங்குக் கூடத்துக்குப் பொறுப்பாக இருந்த ஹெய்ன் பென் மெனஹெமிடம் கொடுத்தார்கள். அவர் மரத்தரை போட்ட கூண்டில் விட்டார். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் தரையில் ஓட்டை. ஐந்தைக் காணோம். ஒன்றுகூட உயிரோடு கிடைக்கவில்லை. மிச்சம் நான்கு.

நான்கு! இன்றைக்கு உலகத்தில் உள்ள லட்சக்கணக்கான வீட்டு ஹாம்ஸ்டர்களின் கதை அந்த நான்கில் தொங்கிக்கொண்டிருந்தது. அதுவும் கூடப்பிறந்தவை, அதுவும் சேர்த்து விட்டால் அடித்துக்கொள்ளும் சாதி.

இங்கேதான் பென் மெனஹெம் எனக்கு ஹீரோ ஆகிறார். அவர் ஒரு பெரிய கம்பிவலைக் கூண்டை எடுத்து, அதில் வைக்கோலைத் திணித்தார். சும்மா பரப்பவில்லை, மூட்டை கட்டுகிற மாதிரி இறுக்கித் திணித்தார். மேலே மட்டும் நாலு விரல் அளவுக்குக் காலியிடம். முதலில் பெண்ணை உள்ளே விட்டார். வெளிச்சத்தில் இருக்கப் பிடிக்காத அது வைக்கோலைக் குடைந்து குடைந்து உள்ளே போய்த் தனக்கென்று ஒரு வளை போட்டுக்கொண்டது. ஓரிரு நாள் கழித்து ஆணை விட்டார். அது வளைக்குள்ளே வழி தேடித் துரத்திக்கொண்டு போனது. சண்டை முற்றுவதற்கு முன் சம்பந்தம் முடிந்துவிட்டது. பெண் சினைப்பட்டது. ஒரே வருஷத்தில் 150 உருப்படி.

வெறும் கூண்டில் வைத்திருந்தால் சீன ஹாம்ஸ்டர் மாதிரியே இதுவும் குட்டி போடாமல் போயிருக்கலாம். மண்ணுக்குப் பதில் வைக்கோல், ஆனால் குடைவதற்கு இடம். மனுஷன் கையால் ஹாம்ஸ்டருக்குக் கட்டிக் கொடுத்த முதல் உருப்படியான வீடு அதுதான்.

விசித்திரம் என்னவென்றால், அதற்குப் பிறகு எழுபது வருஷத்துக்கு அந்த வைக்கோல் கூண்டை எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

அட்லர் 1931-ல் சில ஹாம்ஸ்டர்களைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு இங்கிலாந்துக்குப் போனார் (கஸ்டம்ஸ்காரர்கள் பார்க்கவில்லை போல). அங்கே எட்வர்ட் ஹிண்டில் என்பவரிடம் கொடுத்தார். 1938-ல் அமெரிக்கா. சோதனைச்சாலைகளுக்கு இது அல்வா மாதிரி. பதினாறே நாளில் பிரசவம். கழுவ எளிதான சின்னக் கூண்டு, அடியில் இழுத்து எடுக்கிற தட்டு, இரண்டு விரற்கடை மரத்தூள். அந்த வடிவம் சோதனைச்சாலைக்குச் சரி. அதையே எடுத்துக்கொண்டு வந்து குழந்தைகளுக்கு விற்றார்கள் பாருங்கள், அங்கேதான் சிக்கல். 1940-களில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஆல்பர்ட் மார்ஷ் என்று ஒரு ஆள் தபாலிலேயே ஹாம்ஸ்டர் விற்றுப் பெரிய வியாபாரம் பண்ணினார். அவரும் தொழிலால் இன்ஜினியர்தானாம், நெடுஞ்சாலை இன்ஜினியர். நம்ம சாதிசனம் எங்கே போனாலும் சைடு பிசினஸ் விடாது :-)

1970-களில் கலர் கலரான பிளாஸ்டிக் குழாய்கள் வந்தன. வளை மாதிரி இருக்கும், ஆனால் வளை கிடையாது. வெளிச்சம் ஊடுருவும், காற்று வராது, மூத்திரம் தேங்கும், எல்லாவற்றுக்கும் மேல் அதில் குடைவதற்கு ஒன்றுமே கிடையாது. பார்க்கிறவனுக்குத்தான் வேடிக்கை.

இதற்கிடையில் காட்டில், அதாவது வயலில், இந்த எலி எப்படி வாழ்கிறது என்று யாராவது போய்ப் பார்த்தார்களா? 1971-ல் மைக்கேல் மர்ஃபி என்ற அமெரிக்கர் அலெப்போ போய் ஒரு டஜன் பிடித்து வந்தார். அவர்தான் மேலே சொன்ன பழங்கதையெல்லாம் தேடித் தொகுத்து எழுதியவரும். ஆனால் வீடு எப்படி இருக்கிறது என்று வளை வளையாக அளந்து பார்த்தது ஜெர்மனியின் ஹாலே பல்கலைக்கழகத்து ராபர்ட் கட்டர்மன் குழு. 1997-லும் 1999-லும் வட சிரியாவுக்குப் போனார்கள். எங்க ஆபீஸ் பாஷையில் சொன்னால், சரக்கை புரொடக்ஷனுக்கு அனுப்பி 67 வருஷம் கழித்து ரெக்வயர்மென்ட் கேட்கப் போன கதை.

அவர்கள் பார்த்தது முப்பது வளைகள். ஆழம் 36-லிருந்து 106 சென்டிமீட்டர் வரைக்கும், சராசரி 65. (அஹரோனியின் எட்டடி என்பது கிட்டத்தட்ட 240 சென்டிமீட்டர். வெயிலில் நின்று மணிக்கணக்காக வெட்டினவனுக்கு நாலடி எட்டடியாகத் தெரிந்திருக்கும் என்பது என் ஊகம்.) வாசல் நாலைந்து சென்டிமீட்டர் அகலம்தான், கிணறு மாதிரி செங்குத்தாக இறங்கும். அடியில் உருண்டையான ஒரு படுக்கையறை. அதிலிருந்து பிரிந்து போகும் வழியில் குறைந்தது ஒரு களஞ்சியம். இன்னொரு பக்கம் முட்டுச்சந்து மாதிரி ஒரு குட்டை வழி, அது கழிப்பறை. எல்லா வழிகளையும் கூட்டினால் சராசரி இரண்டு மீட்டர் நீளம், பெரிசு ஒன்பது மீட்டர். ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான பிராணிக்கு ஒன்பது மீட்டர் வீடு!

நான் திரும்பத் திரும்பப் படித்தது வேறு ஒரு வரி. ஒரு வளையில்கூட இரண்டு பெரிய ஹாம்ஸ்டர் சேர்ந்து இருக்கவில்லை. குடியிருக்கும் ஒரு வளைக்கும் அடுத்த வளைக்கும் நடுவில் நூறு மீட்டருக்கு மேல் தூரம். எலி வளையானாலும் தனி வளை என்று நம்ம ஊரில் சொன்னது யாரைப் பார்த்தோ தெரியாது, சிரியாக்காரனுக்கு அட்சரம் பிசகாமல் பொருந்துகிறது. கடையில் "தனியா இருந்தா ஏங்கிப் போயிடும், ஜோடியா வாங்குங்க" என்று சொன்னால் நம்பாதீர்கள். ஏங்காது. ஒன்று இன்னொன்றைக் கடித்துக் குதறிவிடும்.

அதே குழு துருக்கியின் தெற்கு எல்லையில் செய்த இன்னொரு ஆய்வு 2008-ல் வந்தது. எல்லாரும் ராத்திரிப் பிராணி என்று நம்பியிருந்த ஹாம்ஸ்டர், வயலில் காலை வெளிச்சத்திலும் சாயங்கால வெளிச்சத்திலும்தான் வெளியே வருகிறதாம். கூண்டில்தான் அது நடு ராத்திரி ஆசாமி. ஏன் இந்த மாற்றம் என்பதில் எனக்குப் பிடித்த விளக்கம் ஒன்று உண்டு, அதை விட்டுவிடுவோம், பதிவு நீண்டுகொண்டே போகிறது.

அடுத்து சுவிட்சர்லாந்து, பெர்ன் பல்கலைக்கழகம். 2006-ல் வெளியான அவர்களுடைய சோதனைதான் என் தலையெழுத்தை, அதாவது என் ஹாலின் தலையெழுத்தை மாற்றியது. ஹாம்ஸ்டர்களை மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு மரத்தூள் படுகை 10 சென்டிமீட்டர், அடுத்ததற்கு 40, மூன்றாவதுக்கு 80. பத்தில் இருந்தவை கம்பியைக் கடித்துத் தள்ளின, சக்கரத்திலும் அதிகம் ஓடின. 40-லும் 80-லும் இருந்தவை எல்லாம் வளை போட்டன. 80-ல் கம்பி கடிப்பதைப் பார்க்கவே முடியவில்லை. மறு வருஷம் அதே இடத்தில் கூண்டின் அகலத்தை மாற்றிப் பார்த்தார்கள். சின்னக் கூண்டில் கடி அதிகம். ஆனால் ஒரு சதுர மீட்டர் தரையுள்ள பெரிய கூண்டிலும் கொஞ்சம் கடி இருந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் அகலத்தோடு ஆழமும் வேணும் என்றுதான் எனக்குத் தோன்றியது. பல்லு வளருதுன்னு கடிக்குது என்று சொன்ன நண்பருக்கு அந்த லிங்க்கை அனுப்பி வைத்தேன்.

என் கையில் இருந்த கூண்டு ஐம்பதுக்கு முப்பது. தூள் ஆழம் நாலு சென்டிமீட்டர், அதற்கு மேல் போட்டால் கம்பி வழியாகக் கொட்டும்.

ஆக, கட்டினேன். 120 சென்டிமீட்டர் நீளம், 50 அகலம், 60 உயரம், பழைய மீன் தொட்டி ஒன்றை யாரோ சல்லிசாகத் தள்ளிவிட்டார்கள். ஒரு ஓரம் 40 சென்டிமீட்டர் ஆழம், அப்படியே சரிந்து மறு ஓரத்தில் 20. சராசரி 30 என்று வைத்தால் 180 லிட்டர் படுகை. (அத்தனை மூட்டைகளை மூன்றாம் மாடிக்குத் தூக்கினதை எந்த ஆராய்ச்சிக் கட்டுரையிலும் எழுத மாட்டார்கள்.) வாசனை வருகிற தேவதாரு, சிடார் மாதிரி மரத்தூள் வேண்டாம், அந்த எண்ணெய் மூச்சுக்கு ஆகாது. காகிதத் துகளும் சணல் தண்டுச் சக்கையும் கலந்து போட்டேன். வெறும் தூள் போட்டால் குடைந்த வழி இடிந்து விழுந்துவிடும். அதனால் ஒவ்வொரு பத்து சென்டிமீட்டருக்கும் ஒரு அடுக்கு வைக்கோல் பரப்பி, கையால் நன்றாக அழுத்தி, மறுபடி தூள். பென் மெனஹெம் வேலை செய்தார்! கான்கிரீட்டுக்கு நடுவில் கம்பி போடுகிற மாதிரி வைக்கோல் கூரையைத் தாங்குகிறது.

படுகையை விட முக்கியமான ஒரு விஷயம் கனம். சக்கரம், மண் கிண்ணம், கல் எதையும் படுகை மேல் நேராக வைக்கக்கூடாது. அடியில் அது குடைந்துகொண்டே போகும்போது மேலே இருப்பது சரிந்து நசுக்கிவிடும். தொட்டியின் அடித்தரையிலிருந்து நாலு கால் கொடுத்து ஒரு பலகை போட்டு, கனமானது எல்லாம் அந்தப் பலகை மேல். எங்க தாத்தா குதிர் கட்டினபோது கால் வைத்துக் கட்டினாரே, அதே கணக்கு.

சக்கரம் 30 சென்டிமீட்டர் விட்டம். கூண்டோடு வரும் சின்னச் சக்கரத்தில் முதுகு வில்லாக வளையும். இரண்டு அளவு கொடுத்தால் ஹாம்ஸ்டர் பெரிசைத்தான் தேர்ந்தெடுக்கிறது என்று 2005-ல் கனடாவில் ஒரு ஆய்வும் வந்திருக்கிறது. ஓடும் பரப்பு மூடியிருக்க வேண்டும், கம்பிக் கம்பியாக இருந்தால் கால் மாட்டி ஒடியும். மூடி கம்பிவலை, கண் சின்னதாக, கொக்கி போட்டு. ஐந்து பேர் தப்பித்த கதையைப் படித்த பிறகு கொக்கி போடாமல் தூக்கம் வருமா? அடியில்லாத மரவீடு ஒன்று, உள்ளே மூன்று அறை. அதிலிருந்து அது தானே கீழே குடைந்துகொள்ளும். ஒரு மூலையில் தூசியில்லாத மணல், குளியலுக்கு. கடையில் மெத்தை என்று விற்கும் பஞ்சு மட்டும் கூடவே கூடாது. நூல் காலில் சுற்றி இறுக்கும், வயிற்றுக்குள் போனால் அடைக்கும். வெறும் டிஷ்யூ காகிதத்தைக் கிழித்துப் போட்டாலே போதும், மெத்தையை அதுவே கட்டிக்கொள்ளும்.

தொட்டியை ஜன்னல் வெயிலில் வைக்கக்கூடாது. சிரியாவில் மேலே வெயில் கொளுத்தினாலும் அது அரை மீட்டர் அடியில் குளுகுளுவென்று இருக்கும். கண்ணாடித் தொட்டிக்கு அந்த வசதி கிடையாது, அடுப்பாகிவிடும். நம்ம ஊரில் சித்திரை வெயிலில் ஏ.சி. இல்லாத அறையில் இதை வளர்க்க நினைக்கிறவர்கள் தயவுசெய்து வேறு பிராணி பாருங்கள். இங்கே எதிர்ப்பக்கத்து ஆபத்தும் உண்டு. அறை ரொம்பக் குளிர்ந்தால் கட்டை மாதிரி விறைத்து உறங்கிவிடும். செத்துப் போச்சு என்று புதைத்தவர்களும் இருக்கிறார்கள்.

முதல் ராத்திரி கைப்புள்ள ஓரம் ஓரமாகச் சுற்றியது. மூன்றாம் ராத்திரி காணாமல் போனது. கண்ணாடி ஓரமாக ஒரு கறுப்பு வழி தெரிந்தபோதுதான் எனக்கு உயிர் வந்தது. கம்பி கடிக்க இப்போது கம்பியே இல்லை என்று நீங்கள் சொல்லலாம், சரிதான். மூடியில் வலை இருக்கிறது, பலகை மேல் ஏறினால் எட்டும். இதுவரை கடிக்கவில்லை.

அலெப்போ என்ன ஆச்சு? அந்த வட்டாரம் முழுக்க சிரியாவும் துருக்கியும் சேர்ந்து ஒரு சின்னத் துண்டு நிலம், காட்டு ஹாம்ஸ்டருக்கு உலகத்தில் வேறு இடம் கிடையாது. அந்த நிலம் பூராவும் விவசாயம். வயலில் எலிமருந்து வைக்கிறார்கள், வளையைக் கண்டால் அழிக்கிறார்கள். அப்பாவின் வயலில் கிட்டி பார்த்து வளர்ந்த எனக்கு அந்த விவசாயியைக் குற்றம் சொல்ல வாய் வரவில்லை. பயறும் கோதுமையும் அவன் சோறு. 2012-லிருந்து 2016 வரை அலெப்போ நகரத்துக்குள்ளேயே போர் நடந்தது. 2023 பிப்ரவரியில் பூகம்பம். வீடிழந்த மனுஷர்களின் கணக்கே முடியாத ஊரில் எலி வளையை யார் எண்ணுவார்கள்? உலகம் பூரா படுக்கையறைகளில் லட்சக்கணக்கில் சக்கரம் ஓட்டும் இந்தச் சாதி, சொந்த ஊரில் அழியும் அபாயத்தில் இருக்கும் பட்டியலில் இருக்கிறது.

சோதனைச்சாலை வேலையும் இன்னும் ஓயவில்லை. காலா அசார் மருந்துக்கு ஹாம்ஸ்டர்தான் இன்றைக்கும் முக்கியமான சோதனைப் பிராணி. 2020-ல் கொரோனா வந்தபோதும் இதைத்தான் தேடினார்கள். 2022 ஜனவரியில் ஹாங்காங்கில் கடை ஹாம்ஸ்டர்களிடம் கிருமி கண்டு இரண்டாயிரம் அளவில் சின்னப் பிராணிகளைக் கொன்றார்கள், பெரும்பாலும் ஹாம்ஸ்டர்கள். ஜெர்மன் மொழியில் பதுக்கிச் சேர்ப்பதற்கே 'ஹாம்ஸ்டர்ன்' என்றுதான் வினைச்சொல். கொரோனா சமயம் கடைகளில் டாய்லெட் பேப்பர் தீர்ந்தபோது எல்லாப் பத்திரிகையிலும் அந்த வார்த்தைதான்.

கடைசியாகச் சுத்தம் பண்ணுகிற விஷயம். வாராவாரம் தொட்டி முழுவதையும் கொட்டிக் கழுவாதீர்கள். ஈரமான மூலையை மட்டும் கரண்டியால் எடுத்து, அந்த அளவுக்குப் புதுத் தூள் போட்டால் போதும். களஞ்சியத்தில் கை வைக்காதீர்கள். அழுகக்கூடிய வெள்ளரித் துண்டு, கேரட் இருந்தால் அதை மட்டும் எடுங்கள், தானியத்தை விட்டுவிடுங்கள். கைப்புள்ளையின் களஞ்சியம் கண்ணாடியை ஒட்டியே இருக்கிறது. நேற்றுப் பார்த்தேன், நான் போட்ட கொண்டைக்கடலையெல்லாம் ஒரு பக்கம், கம்பு ஒரு பக்கம். கம்பைத் தொடவே இல்லை, கடலை மட்டும் குறைந்திருக்கிறது.